மட்டர்ஹோர்னைத் தொடாமல் வந்தோம்

சுவிஸில் மலையடி ஊரான செர்மாட்டுக்குள் கார் விடமாட்டார்கள். ஜெனீவாவில் விமானத்தை விட்டு இறங்கி, ரயில் மாறி, பிற்பகல் நான்கு மணிக்கு நானும் என் மனைவி மாலதியும் போய்ச் சேர்ந்தோம். ஆற்றுப் பாலத்துக்கு வந்ததும் மட்டர்ஹோர்ன் மலை தெரிந்தது. நான் பெட்டிச் சில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் அசையாமல் நின்றாள்.

இது அவளுடைய பயணம். போன வருடம் முழங்கால் மூட்டு மாற்றியபோது, எங்கள் நகரத்துக் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி அறையில் இந்த மலையின் படம் தொங்கியது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்தே நடை பழகினாள். ஏறத் தொடங்கும் இடத்துப் பாறையை ஒருமுறை கையால் தொடவேண்டும் என்றாள். கோடை முழுக்க எங்கள் நகரத்துக் குன்றான மவுண்ட் ரோயலின் படிகளில் ஏறி இறங்கினாள். நான் கீழே காரில் இருந்து கோப்பி குடித்தேன்.

மறுநாள் அருங்காட்சியகம். 4,478 மீற்றர் உயரச் சிகரம். சுவிஸ்-இத்தாலி எல்லை அதன் மேலால் போகிறது. 1865 யூலையில் இந்தப் பக்கமிருந்து ஏழு பேர் முதன்முதலாக உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது அனுபவம் குறைந்த ஒருவர் சறுக்க, கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்தார்கள். அந்தக் கயிறும், இறந்த ஒருவரின் சப்பாத்தும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. அதே நாள் இத்தாலிப் பக்கத்தால் ஏறியவர்கள், உச்சியில் ஆட்களைக் கண்டு மனமுடைந்து திரும்பிவிட்டார்கள். அவர்களின் வழிகாட்டி மூன்று நாள் கழித்து மறுபடி வந்து ஏறினாராம். அவ்வளவு தூரம் ஏறியவர்கள் மிச்சத்தையும் ஏறியிருக்கலாமே என்று நான் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை கேபிள் காரில் ஷ்வார்ட்ஸே ஏரிக்குப் போனோம். அங்கிருந்து 3,260 மீற்றரில் இருக்கும் மலைவிடுதிவரை நடை. பாறை ஏற்றம் தொடங்குவது அங்கேதான். மாலையில் மழை என்றார்கள். அடுத்த நாள் எங்களுக்கு விமானம்.

ஏரிக்கரையில் மாதாவின் சிறு ஆலயம் உண்டு. மாலதி எந்தச் சாமியையும் கும்பிடாமல் கடப்பவள் அல்ல. வாசலில் இருவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வெளியே வந்தால் அவளுடைய புதுச் சப்பாத்தைக் காணவில்லை. என்னுடையதை யாரும் சீண்டவில்லை. எறிந்துவிட்டுப் போனதென்று நினைத்திருப்பார்கள்.

கேபிள் கார் நிலையத்துப் பெண் ஆச்சரியப்பட்டாள். இங்கே யாரும் ஆலயத்தில் கழற்றுவதில்லை, மறந்துவிட்டதென்று எண்ணி ஒருவர் கீழே கொடுக்க எடுத்துப் போயிருப்பார் என்றாள். போனில் கீழ் நிலையத்தைக் கேட்டுப் பார்த்தாள். இன்னும் வரவில்லை.

என் சப்பாத்தை நீட்டினேன். அது அவளுக்குத் தோணி.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்ததைப் பார்த்தனீங்கள்தானே? இதோட ஏறி நான் சறுக்க ஏலாது. நீங்கள் எனக்காகப் போய்த் தொட்டிட்டு வாங்கோ," என்றாள்.

போனேன். இரும்புப் படிகள், சரளைக்கல், நெஞ்சு வெடிக்கும் ஏற்றம். இரண்டரை மணி நேர வழி எனக்கு மூன்றரை ஆனது. விடுதிக்குப் பின்னால் அந்தப் பாறை, ஏறுபவர்களுக்கான கயிறு தொங்க, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. கையை நீட்டினேன். அவள் பல்லைக் கடித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. தொடாமல் திரும்பினேன்.

நிலையத்து வாங்கில் காலுறையோடு இருந்தாள்.

"தொட்டனீங்களோ?"

"இல்லை. நீர் தொடாமல் நான் எப்பிடித் தொடுறது?"

உருகிவிடுவாள் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. "அவ்வளவு தூரம் ஏறினனீங்கள், கையை வைக்கிறதுக்கு என்ன? எனக்காகத்தானே அனுப்பினனான்."

கேபிள் காரில் கீழே வந்தோம். அடிவார நிலையத்து மேசையில் சப்பாத்து இரண்டும் நாடா முடிந்து காத்திருந்தன. போட்டு இறுக்கிக் கட்டினாள். மலையை முகில் மூடியிருந்தது.

"வாற வருசம் வருவம்," என்றாள். "அப்ப நீங்களும் தொடலாம்."

மவுண்ட் ரோயல் 233 மீற்றர்தான். சனிக்கிழமைகளில் ரொக்ஸ்பரோ வீட்டிலிருந்து வந்து படியடியில் காரை நிறுத்துகிறேன். கோப்பி காரிலேயே ஆறிப்போகிறது. அவள் முன்னால் ஏறுகிறாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஏறுகிறேன்.