மாமா சாப்பிட்ட ஆப்பிள்

டெல்லியில் துவாரகா பிளாட்டுகளுக்குப் பின்னால், தகரக் கூரை வீடுகள் நெருக்கியடித்து நின்ற வரிசையில் எங்கள் வீடும் ஒன்று. குளிர்காலத்தில் அங்கே ஆடுகளுக்கும் ஸ்வெட்டர் உண்டு. என் ஆடு போட்டிருந்தது என்னுடைய பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டர். சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட அதற்குத்தான் அது எடுப்பாக இருந்தது.

அந்தக் குளிரில்தான் அம்மாவின் தம்பி கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து வந்து எங்களோடு தங்கினார். சோறு தொண்டையில் இறங்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குச் சொன்னது, "புண்ணு, ஆறிடும்" என்பது மட்டும். மாமாவும் நோயாளி மாதிரியா இருந்தார்? பாதி இந்தி கலந்த என் தமிழைக் கேட்டுவிட்டு, "உன் ஆடு என்னா பாஷை பேசும் பாப்பா?" என்று வம்புக்கு இழுத்துக்கொண்டே இருப்பார்.

அம்மா வேலை செய்த வீட்டில் அவருக்கென்று கேட்டு ஆப்பிள் வாங்கி வருவாள். எனக்குக்கூடக் கிடையாது. காலையில் நறுக்கித் தட்டில் வைத்துவிட்டுப் போவாள். மத்தியானம் திரும்பும்போது தட்டு காலியாக இருக்கும். "தம்பிக்கு இப்போ நல்லா இறங்குது" என்று பக்கத்து வீடுகளில் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண வீட்டுக்காரி தோற்றாள்.

ஒரு நாள் அம்மா வந்து செருப்பைக் கழற்றுகிற நேரம், ஆடு கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. விழுங்கப் பார்க்கும், முடியாமல் இருமும். கொஞ்ச நேரத்தில் இடது பக்க வயிறு உப்பிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் நாங்கள் பையா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு இந்திக்கார அண்ணன் கடுகெண்ணெய் பாட்டிலோடு ஓடி வந்தார். மாமா கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"வேணாம் பையா. அடைச்சிருக்கப்போ ஊத்துனா மூச்சுக்குள்ள போயிடும்."

ஆடே வளர்க்காத இவருக்கு இது எப்படித் தெரியும் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

பேட்டரி ரிக்‌ஷாவில் ஆட்டை மடியில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். உணவுக் குழாயில் ஏதோ சிக்கியிருக்கிறது, ஏப்பம் விட வழியில்லாமல் வயிறு உப்புகிறது, இன்னும் தாமதித்திருந்தால் செத்திருக்கும் என்றார் டாக்டர். ஆட்டின் கழுத்தைத் தடவி ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார். அதை வெளியிலிருந்தே மெல்ல மெல்ல வாயை நோக்கித் தள்ளினார். ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த மாமா, டாக்டர் தள்ளும்போதெல்லாம் தானும் எச்சிலை விழுங்கிப் பார்த்துக்கொண்டார்.

"இனிமே முன்ன மாதிரி சாப்பிடுமான்னு கேளு பாப்பா."

இந்தியில் கேட்டேன். அடைப்பு எடுத்துவிட்டால் போதும், நன்றாகச் சாப்பிடும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னபோது மாமா, "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார்.

கடைசியில் டாக்டர் ஆட்டின் வாய்க்குள் விரலை விட்டு அதை வெளியே எடுத்தார். கத்தி வெட்டிய விளிம்பு, சிவப்புத் தோல், கால்பாகம் ஆப்பிள். ஆடு பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. நான் குதித்தேன். அம்மா அந்தத் துண்டையே பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"தெனமுமாடா?"

மாமா குனிந்து ஆட்டின் ஸ்வெட்டரைச் சரிசெய்தார். "நீ ஆசையா கொண்டாந்து வைக்கிற, எப்படிக்கா சொல்றது?" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் ஆப்பிள் வீணாகிவிட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது.

"அழாதம்மா. ஆடுதான் பொழச்சிடுச்சே. நாளைக்கு மாமாவுக்கு வேற ஆப்பிள் கேட்டு வாங்கிட்டு வா" என்றேன்.

இவ்வளவு நல்ல யோசனை சொல்கிறேன், இவள் ஏன் இன்னும் அதிகமாக அழுகிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.