எனக்குத் தெரிந்த இலத்தீன்

ஐம்பதுகளின் நடுவில் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு, ஆசிரியர் நியமனத்தை எதிர்பார்த்துக் கல்முனைக்குடியில் சும்மா இருந்தேன். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. என்னுடைய ஆங்கில அகராதியின் கடைசிப் பக்கங்களில் இலத்தீன் சொற்றொடர்கள் அகர வரிசையில், ஆங்கிலப் பொருளோடு இருந்தன. நாளுக்கு ஐந்தாகப் பாடமாக்கி, தேநீர்க் கடையில் எடுத்து விடுவேன். விளங்காதவர்கள்தான் அதிகம் மெச்சினார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

எதிர் வீட்டில் சாச்சி, என் உம்மாவின் தங்கை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணத்தன்று நாலு பேர் முன்னிலையில் அவருடைய வாப்பா வாயால் கொடுத்த வீடு வளவு அது. உறுதிப் பத்திரம் எழுதவில்லை. அவர் கணவர் சாச்சா மௌத்தாகி, சாச்சி இத்தா என்ற துக்கக் காவலில் இருந்த நேரம் பார்த்து, சாச்சியின் வாப்பாவுடைய மூத்த தாரத்து மகன், அதாவது என் பெரிய மாமா, தன் பெயரில் உறுதி இருப்பதாக வழக்குப் போட்டார். கோட்டிலிருந்து முதல் கடதாசி வந்தபோது சாச்சி அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாத பெண் கோட்டுக்கு எப்படிப் போவது? வேறு ஆளையும் அனுப்பவில்லை.

இரண்டாவது கடதாசிக்கு என்னைக் கூப்பிட்டார். கூடப்பிறந்த ராத்தாவின் மகன் என்பதால் இத்தாவிலும் அவர் முன்னால் நான் போகலாம். அறையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“வாசி மகன், என்ன எழுதியிரிக்கி?”

மேலே ‘எக்ஸ் பார்ட்டே’ என்றிருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டது. அது எனக்குத் தெரியும். அடுத்து ‘டிக்ரி நிசி’. என் பாடம் ஆங்கில ‘எம்’ எழுத்தைத் தாண்டியிருக்கவில்லை. கீழே ஒரே வசனமாகப் பத்து வரி ஆங்கிலம், நடுவில் ஒரு திகதி. கண்ணை மட்டும் ஓட்டினேன், அதற்குள் நான் இறங்கவேயில்லை.

“ஒரு பக்கத்தக் கேட்டுத்தான் எழுதியிரிக்காங்க சாச்சி. மத்தப் பக்கத்தையும் கேக்காம முடிக்கேலாது. ‘ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்’ எண்டு சட்டமிரிக்கி. இத்தா முடியட்டும், பாப்பம்.”

“கோட்டுல பேசுற பிரக்கிராசிட்டக் காட்டத் தேவல்லியா மகன்?”

“ஏன், நான் வாசிச்சாப் போதாதா?”

ஒரு பெண் “மாஷா அல்லாஹ்” என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அகராதியைத் திறந்தேன். நிசி: அன்லெஸ். இல்லாவிட்டால். இல்லாவிட்டால் என்ன? மேலோட்டமாகப் பார்த்த அந்த நீண்ட வசனம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோட்டுக்கு வராத காரணத்தை அந்தத் திகதிக்குள் சொல்லாவிட்டால் தீர்ப்பு நிலைத்துவிடும். இத்தாவை விட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்? பிரக்கிராசி வீடு சந்தைக்குப் பக்கத்தில்தான்.

ஒழுங்கையைக் கடந்து போய், “சாச்சி, பிழையாச் சொல்லிட்டன்” என்றால் முடிந்தது. அந்தப் பெண்கள் இன்னும் அங்கே இருந்தார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் அவர்கள் இருந்தார்கள். பிறகு, மற்றப் பக்கத்தைக் கேட்கத்தானே வேண்டும் என்று எனக்கு நானே இலத்தீனில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். திகதி போய்விட்டது. சீ, என்ன பிறவி நான்!

இத்தா முடிந்த கிழமையே கோட்டு உத்தரவோடு பிஸ்கால் ஆட்கள் வீட்டைக் காலி பண்ண வந்தார்கள். சாச்சி இரண்டு பெட்டியும் ஒரு பாயுமாக எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். எனக்கு நியமனம் கிடைத்தது, சம்பளம் வந்தது. ‘பிழையாச் சொல்லிட்டன்’ என்ற அந்த ஒரு வசனம் மட்டும் வாயில் வரவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் பகல் சாப்பாட்டின்போது, வந்திருந்த சொந்தக்காரி ஒருத்தி வளவுக் கதையை எடுத்தாள். “படிச்ச புள்ள ஒண்டு வீட்டுக்குள்ள இரிந்தும் இப்பிடி ஆகிப்போச்சே” என்றாள்.

சாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “அவனச் சொல்லாத. அவன் சரியாத்தான் வாசிச்சுச் சொன்னான். கோட்டுக்காரன்தான் அவன்ட சட்டப்படி செய்யல்ல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “என்ன மகன்?” என்று கேட்டார்.

“ஓம் சாச்சி” என்றேன்.