இருக்கையில் போட்ட துண்டு

சனிக்கிழமை காலை பதினொன்றே கால். கதவு திறந்திருந்தது. முதலில் கண்ணில் பட்டவர், பாதி அரைத்த தேங்காயோடு மிக்சி ஜாரைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்ற ஒரு பெண். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, மூடியிருந்த உள்ளறைக் கதவைக் கண்ணால் காட்டினார். உள்ளே ஓர் ஆண்குரல் யாருக்கோ ஆங்கிலத்தில் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"செத்த நேரம்க்கா. இப்ப மிக்சியப் போட்டா, 'உங்க வீட்ல மாவு மில் வச்சிருக்கீங்களா'ன்னு கேக்குறாங்க" என்று கிசுகிசுத்தார்.

கணினி நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தருவது என் வேலை. நிறுவனம் பெங்களூரில், நான் திண்டுக்கல்லில் என் வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறேன். அதற்கு முன் ஒரு செய்தித்தாளில் துணை ஆசிரியராக இருந்தேன். கணினி படித்தவள் அல்ல. தொடக்கத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: நிறுவனம் கேட்கும் சொற்கள் விண்ணப்பத்தில் இருக்கின்றனவா என்று பார், இருந்தால் அனுப்பு. சில மாதங்கள் அப்படித்தான் அனுப்பினேன். வந்த பத்திரிகைக் குறிப்பை அப்படியே அச்சுக்குக் கொடுப்பது போன்ற வேலை அது. பிறகு, விளக்கம் கேட்க வேறு வழி தெரியாததால், நிருபர்கள் கேட்பதையே நானும் கேட்க ஆரம்பித்தேன். கடைசியாக எது உடைந்தது? உங்களுக்கு அதை யார் முதலில் சொன்னார்கள்? நீங்கள் முதலில் எதைத் தொட்டீர்கள்? வேலை செய்தவர்கள் மூன்றாவது கேள்விக்கு யோசிப்பதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் "நாங்கள்" என்று தொடங்குவார்கள்.

உள்ளறையில் பேசிக்கொண்டிருந்தவர் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. தொலைபேசியில் இரண்டு முறை பேசியாயிற்று. எதைக் கேட்டாலும் "டீமா சேந்து பண்ணோம்க்கா" என்பதுதான் பதில். ஆனால் அவர் பேச்சில் ஒரு தயக்கம் இருந்தது. தெரியாதவருடைய தயக்கம் அல்ல அது. மதுரையில் ஒரு நிறுவனத்துக்கு அவருடைய விண்ணப்பத்தை அனுப்பியிருந்தேன். அங்கே ஆள் எடுக்கும் பொறியாளர் ஒரு பெண்மணி, சுருக்கமாகப் பேசுபவர். "இதே வரிகள் எல்லார் பயோடேட்டாலயும் இருக்கு. இவர் என்ன பண்ணினார்னு ஒரு வரிகூட இல்லை. திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க, இல்லேன்னா விட்டுடலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

விட்டுவிட முடியாத காரணம் மிக்சி ஜாரோடு நின்றுகொண்டிருந்தது. அவர் மனைவி சின்னாளப்பட்டியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பல வருடம் தற்காலிகமாக வேலை பார்த்து, இந்த ஜூனில்தான் நிரந்தரமாகியிருந்தார். அதே நேரத்தில் கணவரின் நிறுவனம், வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், அடுத்த மாதம் முதல் எல்லோரும் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. மதுரை வேலை கிடைக்காவிட்டால் டீச்சர் வேலையை விடவேண்டும், அல்லது இருவரும் ஆளுக்கோர் ஊரில் இருக்கவேண்டும். அவர்கள் வீடு என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான். அதனால் நேரிலேயே வந்துவிட்டேன்.

கதவு திறந்தது. மிக்சி உடனே ஓடியது. மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே கைலியுமாக வெளியே வந்தவர், என்னைக் கண்டதும் மறுபடி உள்ளே போய்ப் பேண்ட் மாட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க வேலை என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க தம்பி."

"பஸ் டிக்கெட் புக் பண்ற ஆப்புக்கா. அதுல சீட் ரிசர்வேஷன் மாட்யூல்ல, கன்கரன்சி சைடுல, டீமோட சேந்து…"

"நீங்க?"

"சப்போர்ட் பண்ணேன்."

சமையலறையிலிருந்து கரண்டிச் சத்தம் நின்றது. "ஏங்க, சர்ச்சுல சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்றப்பகூட இம்புட்டு யோசிக்க மாட்டீங்களே. பஸ் ஸ்டாண்டுல துண்டு போடுவாங்கள்ல, அதச் சொல்லுங்க அக்காகிட்ட."

"அதெல்லாம் இன்டர்வியூல சொல்ல முடியுமா?"

"எங்கிட்ட அப்புடித்தான சொன்னீங்க? எனக்குப் புரிஞ்சுச்சே."

அவர் கொஞ்சம் சிரித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதுவரை மடியில் கிடந்த கைகள் மேலே வந்தன.

"இப்பப் பழனி பஸ் உள்ள வருதுன்னு வைங்க. நிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியாத் துண்டப் போட்டுர்றோம். துண்டு கெடந்தா சீட்டு நம்மளோடது. ஒருத்தனும் ஒக்கார மாட்டான். ஆனா துண்டு போட்டவன் ஏறி வரணும்ல? வாசல்ல கூட்டம். வந்துக்கிட்டு இருக்கானா, வேற பஸ்ஸுல ஏறிப் போயிட்டானான்னு உள்ள இருக்கவனுக்குத் தெரியாது. அப்ப அந்தத் துண்டுக்கு எம்புட்டு நேரம் மரியாதை குடுக்கறது? சீக்கிரம் எடுத்துட்டா, அந்தாளு வந்து சண்டை போடுவான். எடுக்காமலே விட்டா, சீட்டு காலியாவே ஊரு போய்ச் சேரும். அத முடிவு பண்றதுதான்க்கா என் வேலை."

"ஒரே நேரத்துல ரெண்டு துண்டு விழுந்தா?"

"எது மொதல்ல விழுந்துச்சுன்னு பாக்கணும். கண்டக்டரு பாத்திருக்க மாட்டாரு. நாங்க பாத்திருப்போம்."

செய்தி அறையில் ஒரு கட்டுரையின் முதல் வரி கிடைத்துவிட்டால் மேசையைச் சுற்றி ஒரு சிறு அமைதி வரும். அது எனக்கு அங்கே வந்தது. டிக்கெட் எடுப்பவர் ஆப்பில் ஓர் இருக்கையைத் தொட்டதும் துண்டு விழுகிறது. அவர் பணம் கட்டி முடிக்கும்வரை அது அங்கேயே கிடக்கவேண்டும். ஆளைத் தேடும் நிறுவனங்கள் தரும் குறிப்புகளில் எத்தனையோ முறை படித்துவிட்டு, புரிந்த பாவனையில் கடந்துபோன 'கன்கரன்சி' என்ற சொல்லுக்குப் பொருள் இவ்வளவுதான்.

டீச்சர் காபியோடு ஒரு தட்டில் சிறுமலை வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். உட்காராமல் நின்றார். "தீபாவளிக் கதையச் சொன்னீங்களா?"

"அது வேணாம்."

"ஏன்?"

"அது திட்டு வாங்குன கதை."

"திட்டுனது அவுங்க. நீங்க பண்ணதச் சொல்லுங்க."

அவர் பழத்தை எடுத்து உரித்தார், சாப்பிடவில்லை. டீச்சர்தான் ஆரம்பித்தார். முந்தைய தீபாவளிக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கணவருக்கு ஓர் அழைப்பு. சென்னையிலிருந்து தெற்கே வரும் பேருந்துகளுக்கு எல்லோரும் டிக்கெட் எடுக்கும் நேரம். "நான் மிக்சியையே போடல. அன்னைக்கு வீட்ல வெஞ்சனமே கெடையாது. தயிருஞ்சோறும் ஊறுகாயுந்தான்."

மீதியைக் கணவர் சொன்னார். பணம் கட்டும் பக்கம் மெதுவாகிவிட்டது. ஆட்கள் பணம் கட்டிவிடுகிறார்கள். கட்டிவிட்டார்கள் என்ற செய்தி இவர்களுக்கு வந்து சேரத் தாமதமாகிறது. அதற்குள் துண்டு எடுக்கப்பட்டு, அந்த இருக்கை இன்னொருவருக்குப் போய்விடுகிறது. இவர்தான் முதலில் பார்த்தார். மேலே உள்ளவர்கள், வருடத்திலேயே பெரிய விற்பனை நாள், விற்றுக்கொண்டே இருங்கள், பிறகு சரிசெய்யலாம் என்றார்கள். இவர் இரவுப் பேருந்துகளுக்கான விற்பனையை மொத்தமாக நிறுத்திவிட்டார். வரவேண்டிய செய்திகள் எல்லாம் வந்து சேர்ந்து, யாருக்கு எந்த இருக்கை என்று தெளிவான பிறகே மறுபடி திறந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"கேக்கலக்கா." உரித்த பழத்தைத் தட்டிலேயே வைத்தார். "டிக்கெட் கெடைக்கலைன்னா திட்டிட்டு வேற ஆப்புக்குப் போயிருவான். கெடைச்சிருச்சுன்னு நம்பி, பிள்ள குட்டியோட பொட்டியத் தூக்கிக்கிட்டு கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னு, அவன் சீட்டுல இன்னொருத்தன் ஒக்காந்திருந்தா? நல்ல நாளும் அதுவுமா."

மறுநாள் கூட்டத்தில் திட்டு விழுந்தது. சில வாரங்களில், முடிவெடுக்கும் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். விண்ணப்பத்தில் அந்த வருடத்துக்கு நேராக "குழுவுடன் இணைந்து பணியாற்றினேன்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

மதுரை நிறுவனம் செய்வது மருத்துவமனைகளுக்கான மென்பொருள்: நோயாளிகள் வீட்டிலிருந்தே டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொள்வது. ஒரே நேரத்தை இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்துவிடுகிறது என்று அந்தப் பொறியாளர் போன வாரம் என்னிடம் அலுத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். விண்ணப்பத்தில் பஸ், கேட்டவர்களிடம் ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல்கூட இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பொதுச் சொல் துண்டு என்று தெரிந்தது.

"இத எழுதணும் தம்பி."

"வேணாங்கா. கேக்காமக் கடைய மூடுனவன்னுதான் நெனைப்பாங்க."

"மூடுனீங்கதான?" என்றார் டீச்சர்.

"மூடுனேன்."

"பெறகென்ன?"

அவர் மனைவியைப் பார்த்தார். "நீயே போயி இன்டர்வியூல ஒக்காந்துக்க தாயே."

"ஒக்காருவேன். எனக்குத்தான் இங்கிலீசு ஓடாது."

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து எழுதினேன். "நாங்கள்" வந்த இடமெல்லாம் "நான்" என்று மாற்றினேன். ஓரிடத்தில் மட்டும் அவர் விடவில்லை: பேருந்து உரிமையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னது உடன் வேலை பார்த்த ஒரு பெண், அது தன்னுடையது ஆகாது என்றார். திருத்திக்கொண்டேன். கடைசி வரியாக, அன்று ஓர் இருக்கைகூட இருவருக்கு விற்கப்படவில்லை என்று எழுதிவிட்டு, பழைய பழக்கத்தில், "இது உறுதிதானே?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. ரெண்டு சீட்டு ஆயிருச்சு. நான் நிறுத்துறதுக்கு முன்னாடி. ரெண்டும் நாகர்கோவில் பஸ்ஸு, பின்னாடி வரிசை. வேற வண்டியில ஏத்தி விட்டோம்."

"ஐயோ, அத எதுக்குங்க சொல்றீங்க?" என்றார் டீச்சர்.

"அக்கா கேட்டாங்கள்ல."

அந்த இரண்டு இருக்கைகளையும் எழுதினேன். டீச்சருக்கு அது பிடிக்கவில்லை என்பது காபி டம்ளர்களை எடுத்த விதத்தில் தெரிந்தது.

திங்கட்கிழமை மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. "அந்த ரெண்டு சீட்டை எழுதினது யார், நீங்களா அவரா?" என்று கேட்டார் பொறியாளர்.

"அவர் சொன்னார். நான் எழுதினேன்."

"சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பேசச் சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமை எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மாடியில் துணி காயப்போட்டேன். சிறுமலை மேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு மணிக்கு டீச்சரிடமிருந்து ஒரு செய்தி: "இன்னும் மிக்சி போடலக்கா." ஒரு மணி நேரப் பேச்சு என்றுதான் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டரைக்கு இன்னொன்று: "உள்ள சிரிக்கிற சத்தம் கேக்குது. நல்லதா கெட்டதா?" என்ன பதில் போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்தது: "துண்டப் பத்திச் சொல்லிட்டு இருக்காரு!!"

ஒரு மணிக்கு மேல் அழைப்பு வந்தது. அவரா டீச்சரா, யார் பேசுகிறார்கள் என்று முதலில் விளங்கவில்லை. பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து. செவ்வாயும் வியாழனும் மதுரை அலுவலகத்துக்குப் போகவேண்டும். அந்த இரண்டு நாளும் இருவரும் காலையில் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். டீச்சர் சின்னாளப்பட்டியில் இறங்கிக்கொள்கிறார்; அவர் மதுரை வரை போகிறார். அந்தப் பேருந்தில் முன்பதிவு கிடையாது.