பச்சை நூல் தைத்த மூட்டை

என் புருஷன் நாச்சிமுத்து போய்ச் சேர்ந்தது போன பங்குனியில். வயது எழுபத்தொன்று, நெஞ்சுவலி. பங்காளி சேனாதிபதிதான் கொன்றான் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பொய். ஆனால், "உங்க காபியில அழுகல் நாத்தம்" என்ற பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அந்த மனுஷன் போனார். அதற்குத்தான் நான் பழி வாங்கினேன். வாங்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எங்களுக்கு வடகவுஞ்சிச் சரிவில் ஒன்றரை ஏக்கர். சில்வர் ஓக் நிழலில் காபி, மேட்டில் மலைப்பூண்டு. முன்னெல்லாம் பச்சை, சிவப்பு பார்க்காமல் காபிப் பழத்தை ஒட்ட உருவி வியாபாரியிடம் போட்டுவிடுவோம். நாலு வருஷத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ரம்யா என்று ஒரு பெண் வந்தாள். நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பறித்து, வலைக்கட்டிலில் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறி உலர்த்திக் கொடுத்தால், விவசாயியின் பேரையே பாக்கெட்டில் போட்டு விற்பேன் என்றாள். என் புருஷனுக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஒரே செடிக்கு ஆறு தடவை போய்ப் பறிப்பார். காபி பக்கத்து வாடையை இழுத்துக்கொள்ளும் என்று ரம்யா சொன்ன நாளிலிருந்து, வீட்டு மச்சில் பூண்டு, தோட்டத்துக் கொட்டகையில் காபி என்று பிரித்துவிட்டு, மார்கழிக் குளிரில் மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். கிறுக்கு மனுஷன்.

ஊரில் ஆறு பேர் அப்படி உலர்த்தினோம். ஆறு மூட்டையும் ரம்யாவின் ஷெட்டில்தான் சேரும், சாவி சேனாதிபதியிடம். சாக்கில் பேர் எழுதுவதும், ரம்யாவுக்கு மாதிரி எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். என் புருஷனுக்குப் பங்காளி. என்னை மதினி என்பான். மூக்குப்பொடி போட்டுப் போட்டு அவன் மூக்கு செத்து இருபது வருஷமாகிறது. பக்கத்தில் எருமை செத்துக் கிடந்தாலும் அவனுக்குத் தெரியாது. ஆனால் ரம்யா வந்துவிட்டால், "ஆமாங்க, ஆரஞ்சு வாசம், மல்லிகை வாசம்" என்று கண்ணை மூடித் தலையாட்டுவான்.

போன வருஷம் ரம்யா ருசி பார்த்ததில் அவன் மூட்டை முதலாவதாக வந்தது. எங்கள் மூட்டையை அழுகல் நாத்தம் என்று தள்ளிவிட்டார்கள்.

"அண்ணே, கை நடுங்குற வயசுல எதுக்குண்ணே இந்தச் சோலி? பேசாம பூண்டோட நிறுத்திக்கங்க" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். என் புருஷன் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை.

அவர் போன மூன்றாம் மாதம், அந்த ஷெட்டுக்குக் கூலி வேலைக்குப் போனேன். பெங்களூர் போய்த் திரும்பிய காலிச் சாக்குகள் மூலையில் கிடந்தன. ஒன்றின் அடியில் ஒரு கிழிசல், பச்சைக் கம்பளி நூலால் தைத்திருந்தது. அது நான் தைத்தது. என் புருஷனின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூல். எனக்கு எழுத்துத் தெரியாது. என் தையல் தெரியும்.

ஆறு பேரில் ஒருத்தனான ராஜமுருகன் அங்கே நின்றான். "ஏலே, இதுல யார் பேரு போட்டிருக்கு?" என்றேன்.

"சேனாதிபதி மாமா பேரு. ஏன் அத்தை?"

"சும்மாதான் கேட்டேன்."

அப்படியென்றால் முதலாவதாக வந்தது எங்கள் காபிதான். அந்தச் சாக்கை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கத்தவில்லை. எழுத்துத் தெரியாத கிழவி ஒரு தையலைக் காட்டினால் யார் நம்புவார்கள்? அவனே தன் வாயால் சொல்ல வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டால் யாருக்கோ கேடு என்று ஊருக்கே தெரியும். அவனுக்குத்தான் தெரியவில்லை.

இந்த வருஷம் தனியாகவே பறித்தேன். அவர் பறித்த மாதிரியே ஆறு தடவை. உலர்ந்ததில் ஒரு மூட்டையைக் கொட்டகையில் வைத்தேன். இன்னொரு மூட்டையை மச்சில் ஏற்றி, நாலு பக்கமும் பூண்டுக் கட்டைத் தொங்கவிட்டு, நாற்பது நாள் விட்டேன். நல்ல காபியைப் பாழாக்குகிறோமே என்று வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன்.

மச்சில் இருந்த மூட்டையைத்தான் ஷெட்டில் இறக்கினேன். பூண்டு ஊர் என்பதால் தூக்கி வந்தவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"மதினி, அண்ணன் இல்லாமலே சாதிச்சுட்டீங்களே. ஒரு காய்கூடப் பச்சையா இல்ல!" என்றான் சேனாதிபதி. கண்ணெல்லாம் மூட்டை மேல்.

"நல்லா வச்சுக்கங்க கொழுந்தனாரே. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

ரம்யா வந்த அன்று வெள்ளனே போனேன். கொட்டகைக் காபியில் ஒரு படி எடுத்து, உரலில் குத்திப் புடைத்து, துணியில் முடிந்து அவள் கையில் கொடுத்தேன். "இதையும் ஒரு கிண்ணத்துல போடு தாயி. யாருதுன்னு அப்புறமாச் சொல்றேன்."

ஆறு பேருக்கு ஏழு கிண்ணம் ஆனது. சின்ன மிஷினில் வறுத்து, பொடித்து, வெந்நீர் ஊற்றி, கிண்ணத்துக்கு முன்னால் பேர்ச் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். பால் கிடையாது, சீனி கிடையாது. கரண்டியில் மொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சித் துப்ப வேண்டும். எல்லோரும் குடித்து முடிக்கும்வரை ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம்.

மூன்றாம் கிண்ணத்தில் ராஜமுருகன் முகத்தைச் சுளித்தான். அடுத்தவன் வெளியே ஓடித் துப்பினான். மாதிரிகளை வரிசையாக எடுத்துக் கொடுத்தவன் சேனாதிபதி, அது தன் கிண்ணம் என்று அவனுக்குத் தெரியும். சட்டத்தை மறந்து, கண்ணை மூடி, "ஆகா! ஆரஞ்சுங்க. கூடவே மல்லிகை" என்றான்.

"சார், இது பூண்டு. ரசம் மாதிரி இருக்கு" என்றாள் ரம்யா. சீட்டைத் திருப்பினாள். "உங்க பேர்தான் போட்டிருக்கு."

"பூண்டா? எங்க தோட்டத்துல பூண்டே போடுறதில்லைங்களே!"

"இந்த வருஷம் உங்ககிட்ட எடுக்க முடியாது சார். இனிமேலும் யோசிக்கணும்."

அவனுக்கு வியர்த்துவிட்டது. என்னைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான்.

"ஐயோ, இது என் மூட்டையே இல்லைங்க! இந்தக் கெழவி மூட்டைங்க இது!"

ராஜமுருகன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அவங்க மூட்டையில உங்க பேர் எப்படி சார் வந்துச்சு?" என்றாள் ரம்யா.

நான் முந்தானையிலிருந்து பழைய சாக்கை எடுத்து மேசை மேல் விரித்தேன். "போன வருஷம் வந்த மாதிரிதான் தாயி. இந்தப் பச்சைத் தையலைப் பாரு. ஏலே சேனாதி, வாயைத் திறடா. எங்க வீட்டுக்காரர் காபியா அழுகல்?"

அவன் பொடி டப்பாவைத் தேடினான். கை நடுங்கியது. எனக்கு அது பார்க்க நன்றாக இருந்தது.

ஏழாம் கிண்ணம்தான் முதலாவதாக வந்தது. யாருடையது என்று ரம்யா கேட்டாள். "நாச்சிமுத்துன்னு எழுதிக்க" என்றேன். "செத்தவர் பேரான்னு யோசிக்காத. அந்தப் பேருதான் பாக்கெட்டுல வரணும்." எழுதிக்கொண்டாள். ஷெட்டுச் சாவி ராஜமுருகன் கைக்குப் போனது.

மறுநாள் சேனாதிபதியின் பெண்டாட்டி வடிவு வந்து வாசலில் நின்றாள். நல்லவள்தான்.

"அக்கா, அவரு வெளிய தலைகாட்ட முடியாம படுத்தே கெடக்காரு. சாப்பிடவும் மாட்டேங்காரு. ரம்யாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா…"

"எத்தன நாளாச்சு சாப்பிட்டு?"

"நேத்துலருந்து, அக்கா."

"எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாள் கெடந்தாரு. இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கு" என்றேன். "அப்புறம் அந்தப் பூண்டு மூட்டை உன் புருஷன் பேருல ஷெட்டுல கெடக்கு. எடுத்துட்டுப் போய் வறுத்து, தினமும் ஒரு டம்ளர் போட்டுக் குடு. அவருக்கு ஆரஞ்சு வாசம்தான வரும்."