கடைசி அத்தியாயம் இல்லாத தொடர்கதை

கோடை விடுமுறையில் நூம்பல் கிராமத்தில் இருந்த என் வீட்டைக் குடும்பங்களுக்கு வார வாடகைக்கு விடுவேன். பொழுதுபோக டிவி, வீடியோ டெக், சினிமா கேசட்டுகள், வார இதழ்களிலிருந்து பிரித்து பைண்டு செய்த தொடர்கதைகள் என எல்லாம் வைத்திருந்தேன். வந்தவர்களோ கேசட்டுகளை விட்டுவிட்டு ஒரே தொடர்கதையைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. அந்த வாரத்து இதழ் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் என்னைத் திட்டிவிட்டுத்தான் போனது.

ஒரு ஞாயிறன்று வண்ணாரப்பேட்டை அம்மாள் ஒருவர் காலி செய்யவே மறுத்தார்.

"ஓடிப்போன புருசன் திரும்பி வந்தானா இல்லியா? அது தெரியாம ஊட்டை உட்டு நகர மாட்டேன், அண்ணே!"

"எனக்கே தெரியாதும்மா."

வாசலில் அடுத்த குடும்பம் பெட்டி படுக்கையோடு நின்றது. அந்த வீட்டுப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கதையா? நான் படிச்சிகீறேன்க்கா. அவன் வந்துட்டான். இவதான் கதவைத் தொறக்கல."

"அப்படிப் போடு!" அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கினார்.

அம்மாளின் ஆட்டோ கிளம்பியதும், அதை எப்போது படித்தீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"நான் எங்கே படிச்சேன், அண்ணே? புள்ளைங்க வெயில்ல காயுதுங்க."

பின்னர் பழைய பேப்பர் கடையில் அந்த இதழ் கிடைத்தது. அவன் வருகிறான், அவள் அவன் காலில் விழுகிறாள். அதை நான் பைண்டில் சேர்க்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் திறக்காத கதவையே சொன்னேன்.