நான்காவது எலுமிச்சம்பழம்

நைனாவின் குட்டியானை காவல் நிலையத்துக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் சிறைப்பட்டு நின்ற அந்த ஆடி மாதத்தில்தான், எங்கள் வீட்டில் இரவு உணவை மூவரும் ஒன்றாக அமர்ந்து உண்டோம். அதற்கு முன் அப்படி உண்டதாக நினைவில்லை. அதற்குப் பின் அதிக நாள் உண்ணவும் இல்லை. எங்கள் வட எல்லையோரத்து நெசவுக் குடும்பங்களில் தந்தையை நைனா என்றே அழைப்போம். குட்டியானை என்பது அவர் ஓட்டிய சிறிய சரக்கு வண்டி. பெரியப்பாவின் விசைத்தறிக் கூடத்துக்குப் பாவு நூல் சுற்றிய உருளைகளை ஏற்றி வருவதும், நெய்த லுங்கிக் கட்டுகளை அரக்கோணத்துக்குக் கொண்டுபோய் இறக்குவதும் அந்த வண்டியின் வேலை. இறக்கி முடித்தபின் குடிப்பது நைனாவின் வேலை. இரண்டு வேலைகளும் ஒரு நாளும் தவறியதில்லை.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. மலைக்கோயிலுக்குக் காவடிகள் வரத் தொடங்கியதால் ஊரின் எல்லா நுழைவாயில்களிலும் வண்டிகளைச் சோதித்தார்கள். அரக்கோணத்திலிருந்து திரும்பிய நைனாவைக் கருவியில் ஊதச் சொன்னார்கள். ஊதினார். அத்துடன் வண்டி அவருடையதாக இல்லாமல் போயிற்று. பெரியப்பா போய்க் கையெழுத்திட்டு அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். மறுநாளே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டியாயிற்று. ரசீதைக் காட்டி வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஏட்டு கைவிரித்துவிட்டார்.

“கிருத்திகை முடியட்டும்பா. ஸ்டேஷன்ல இருக்கிற அத்தினி பேரும் மலை மேல பந்தோபஸ்துல கீறாங்க. எனக்கே சோறு துன்ன நேரமில்ல.”

முதல் தாமதம் இவ்வாறு அரசாங்கத்தால் நேர்ந்தது. மற்றவை அனைத்தும் அம்மாவால் நேர்ந்தன.

நான் அப்போது ஆறாம் வகுப்பு மாணவி. மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசிப் பள்ளியில் முதற்பரிசு பெற்றிருந்தேன். ‘அவையோரே’ என்று தொடங்கி, பூனை குறுக்கே போவதையும் பல்லி கத்துவதையும் நார் நாராகக் கிழித்துத் தோரணம் கட்டிய உரை அது. அடுத்துக் கோட்ட அளவிலான போட்டி வரவிருந்தது. குடித்துப் பிடிபட்டவரின் மகள் எப்படி மேடையேறுவது என்பதே என் கவலையாக இருந்தது. வண்டி வீட்டு வாசலுக்குத் திரும்பிவிட்டால் ஊர் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று உறுதியாக நம்பினேன்.

வண்டி இல்லாத நைனா, பெரியப்பாவின் கூடத்திலேயே தறி ஓட்டப் போனார். அம்மா அங்கே ஊடை நூலைக் குச்சிகளில் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். முதல் சில நாட்கள் அறுந்த இழையை எடுத்து முடிச்சிடுவதற்கு அவருடைய விரல்கள் இணங்கவில்லை. கை நடுங்கியது, சட்டை முழுவதும் வியர்வை. “நைனாவுக்கு ஜுரம்” என்று அம்மா சொன்னாள். உப்பு போட்ட மோரைச் சொம்பு சொம்பாகக் கொடுத்தாள். ஜுரத்துக்கு மருத்துவரிடம் போகாமல் மோர் கொடுப்பதும் ஒரு மூடநம்பிக்கையே என்று நான் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

ஜுரம் தணிந்தது. அதன்பின் மாலைகளில் இருவரும் ஒன்றாக நடந்து வீடு திரும்பினார்கள். கடைத்தெருவில் வேர்க்கடலை வாங்கி, அதை ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே வந்தார்கள். நான் பேச்சுக்குப் பயிற்சி எடுக்கும்போது நைனா எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கையில் கரண்டியுடன் அமர்ந்திருப்பார். நேரம் முடியப்போகிறது என்பதற்கு ஒரு தட்டு, முடிந்தது என்பதற்கு இரண்டு தட்டு. அந்தத் தட்டில் நடுக்கம் இல்லை. வண்டி நின்றது, குடியும் நின்றது. அவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கும் கல்வியை எனக்கு எந்த ஆசிரியரும் அதுவரை கற்பித்திருக்கவில்லை.

கிருத்திகை முடிந்தது. மலைப்படிகளில் சிந்திய பூக்களைக் கூட்டி அள்ளினார்கள். பெரியப்பா வந்து வாசலில் நின்றார். அம்மா அவரைப் பாவா என்று அழைப்பாள்.

“இன்னாம்மா, நாளைக்கு வண்டிய எடுத்துடலாமா? வாடகை வண்டிக்குப் போன் பண்ணிப் பண்ணி எனக்குக் காது வலிக்குது.”

“ஆடி போவட்டும் பாவா,” என்றாள் அம்மா. “ஆடியில எதையும் வூட்டுக்குக் கொண்டாரக் கூடாது.”

“அது இன்னா புது வண்டியா? நம்ம வண்டிதானே.”

“ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வந்தா புதுசு மாதிரிதான் பாவா.”

எனக்கு வியப்பாக இருந்தது. அம்மா நாள் பார்க்கும் வழக்கமுடையவள் அல்லள். ‘எப்போ கரண்ட் வருதோ அதான் நல்ல நேரம்’ என்று சொல்லி ராகு காலத்தில் தார் மாட்டுகிறவள். எங்கள் வீட்டில் நாட்காட்டிகூட இல்லை. இப்போதோ பக்கத்து வீட்டிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்து ஆணியில் மாட்டினாள். ஆவணி பிறந்ததும் அதைப் பார்த்துப் பார்த்து நாட்களைத் தள்ளினாள். செவ்வாயில் ஆகாது, அஷ்டமி கூடாது, நவமி அதைவிட மோசம், இது கரிநாள், அது நைனாவுக்குச் சந்திராஷ்டமம். என் முதற்பரிசு உரையில் நான் எவற்றையெல்லாம் வெட்டிச் சாய்த்திருந்தேனோ, அவையனைத்தும் என் வீட்டுக்குள் வரிசையாக வந்து அமர்ந்தன. பொறுக்க மாட்டாமல் ஒருநாள் அவ்வுரையின் நடுப்பகுதியை ஏற்ற இறக்கத்தோடு அவளிடமே நிகழ்த்தினேன். இறுதிவரை கேட்டாள்.

“ஆங், நல்லா பேசற. போய்க் கொழாயில தண்ணி வருதா பாரு.”

நைனா இதிலெல்லாம் தலையிடவில்லை. ஆனால் காவல் நிலையத்து வழியாக நடக்கும்போது அவர் கழுத்து தானாகத் திரும்பும். வேப்பம்பழங்கள் விழுந்து வண்டியின் கூரை புள்ளி புள்ளியாகக் கறைபட்டிருந்தது. சக்கரங்களைச் சுற்றிப் புல் எழுந்திருந்தது. ஓட்டுநர் என்று அழைக்கப்பட்டவரைக் கூடத்தில் எல்லாரும் எடுபிடியாக ஏவினார்கள். வயதில் இளையவன் ஒருவன், “அண்ணே, குட்டியானை இன்னா ஆச்சு, ஜாமீன் கெடைக்கலையா?” என்று கேட்டபோது அவர் சிரித்தார். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு மாலை, தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவரே பேசினார்.

“மழை வருது. வண்டி வீணாப்பூடும். நாளைக்கு எடுத்துடலாம். எடுத்ததும் நேரா மலைக்குப் போய்க் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன். இனிமே தொடமாட்டேன்.”

“சத்தியம்லாம் வேணாம்,” என்றாள் அம்மா. “இப்டியே என்கூட நடந்து வா. எனக்கு அது போதும்.”

“எத்தினி நாளைக்கு நடக்கறது? நான் டிரைவரு.”

அம்மா நாட்காட்டியைப் பார்த்தாள். மறுநாளில் எந்தக் குறையும் இல்லை போலும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். கணவன் கடவுள்முன் திருந்துகிறேன் என்று சொல்லும்போது, சத்தியம் வேண்டாம் என்று தடுக்கிற மனைவியும் உண்டா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நைனாவின் பக்கம் நியாயம் இருப்பதாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டு உறங்கினேன்.

முடிவை முன்கூட்டியே உடைத்துவிட்டால் அவை கலைந்துவிடும் என்பது நான் கற்ற மேடை இலக்கணம். இந்த இடத்தில் அதை மீறுகிறேன். அந்த ஆண்டு ஐப்பசி மழையில், மணவூருக்குப் போகும் சாலையில், குட்டியானை ஒரு சிறுபாலத்தின் சுவரை இடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. நைனாவின் உடலைத் தூக்கி வந்தவர்கள் அவர் வாயருகே குனியாமலே காரணத்தை அறிந்துகொண்டார்கள். வண்டியை மீண்டும் ஒரு காவல் நிலைய வளாகத்தில் நிறுத்தினார்கள். இம்முறை அதை மீட்க யாரும் போகவில்லை.

ஆனால் அந்த ஆவணி நாளில் அனைவரும் போனோம். நைனா தேய்த்த காக்கிச் சட்டை அணிந்திருந்தார். பெரியப்பா காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டார். விடுமுறை நாளாகையால் நானும் ஒட்டிக்கொண்டேன். அம்மா கூடையில் கற்பூரமும் எலுமிச்சம்பழங்களும் எடுத்துவந்தாள். புதிதாகவோ மீண்டோ வருகிற வண்டிக்கு, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு பழங்களை வைத்து அவற்றின்மீது ஏற்றி நசுக்கிய பிறகே சாலைக்குக் கொண்டுபோவது எங்கள் ஊர் வழக்கம்.

ஏட்டு காகிதங்களைப் புரட்டினார். நைனாவை ஏறிட்டுப் பார்த்தார்.

“லைசென்ஸ் ஆர்டிஓகிட்ட போயிருக்குது. அது திரும்பி வர்ற வரைக்கும் நீ ஸ்டியரிங்கத் தொடக்கூடாது. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“அப்போ வண்டிய யாரு ஓட்டினு போறது?”

“நான் ஓட்டிக்கிறேன் சார்,” என்றார் பெரியப்பா. “எனக்கு லைசென்ஸ் கீது.”

“தம்பிக்கு நீதான் பொறுப்பு.”

“ஆங், நான் பாத்துக்கிறேன் சார்.”

வேப்பமரத்தடிக்குப் போனோம். அம்மா குனிந்து ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் ஒரு பழத்தை வைத்துக்கொண்டே போனாள். நான்காவது சக்கரத்தருகே நின்று கூடைக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

“மூணுதான் கீது பாவா.”

“எண்ணிப் பாத்து எடுத்துனு வரமாட்டியாம்மா?”

“மறந்துட்டேன். இன்னொரு நாள் வந்து எடுத்துக்கலாமா? கொறையா வெச்சா ஆவாது.”

பெரியப்பா அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சாலையைக் கடந்து, எதிரிலிருந்த பூசைப்பொருள் கடையில் ஒரு பழம் வாங்கி வந்து தாமே வைத்தார். தார் சுற்றும்போது நூல்கண்டுகளை ஒன்றுகூடக் குறையாமல் எண்ணி அடுக்கும் அம்மா, நான்கு பழங்களை எண்ணத் தவறியதை எண்ணி நான் வெட்கப்பட்டேன்.

சாவியைத் திருப்பினால் வண்டி முனகக்கூட இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. தள்ளித்தான் கிளப்ப வேண்டும். பெரியப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பின்பக்கம் நைனா வலது ஓரத்திலும், நான் நடுவிலும், அம்மா இடது ஓரத்திலும் நின்றோம். பின்கதவைப் பூட்டும் இரும்புச் சங்கிலி அம்மாவின் பக்கம் தொங்கியது. அவள் அதைக் கையில் சுற்றிக்கொண்டாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கிச் சாறு தெறித்தது. அத்துடன் வண்டி நின்றுவிட்டது.

“இன்னாண்ணா, ஹேண்ட்பிரேக் புடிச்சினு கீதா?” என்று நைனா மூச்சு வாங்கக் கேட்டார்.

“அத எப்பவோ எறக்கிட்டேன். நல்லா தள்ளுங்க.”

“நல்லாதான் தள்றோம். பின்னால யாரோ புடிச்சினு இருக்கிற மாதிரி கீது.”

ஏட்டு வராந்தாவில் நின்று சிரித்தார். “எங்க ஸ்டேஷன் நெழலு அதுக்குப் புடிச்சுப்போச்சு. போவமாட்டேங்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் உதட்டைக் கடித்திருந்தாள். உடல் பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. குதிகால்கள் மண்ணில் பதிந்திருந்தன. முழு வலிமையையும் திரட்டுகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். ஏட்டும் இறங்கி வந்து தோள் கொடுத்தார். வண்டி ஒரு முறை குலுங்கியது. சங்கிலி அம்மாவின் கையிலிருந்து உருவிக்கொண்டு போக, எஞ்சின் உறுமி எழுந்தது. நான் கைதட்டினேன்.

பெரியப்பா தெருமுனை வரை ஓட்டினார். காவல் நிலையம் கண்ணுக்கு மறைந்ததும் ஓரமாக நிறுத்திக் கீழே இறங்கினார்.

“மலைக்கு நீயே ஓட்டுடா. சொந்தக்காரன் ஓட்டினாத்தான் பூசைக்கு மதிப்பு.”

நைனா ஏறி அமர்ந்தார். அவர் ஸ்டியரிங்கை இரு கைகளாலும் தடவிய விதத்தை இன்றும் என்னால் சொற்களில் வைக்க முடியவில்லை. அம்மா அவருக்கு அருகில் ஏறினாள். நான் அவள் மடியில் அமர்ந்தேன். என் இடுப்பைச் சுற்றிய அவள் கை ஈரமாக இருந்தது. எடுத்து விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையின் குறுக்கே சங்கிலியின் கண்ணிகள் வரிசையாகப் பதிந்து, இரண்டு இடங்களில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓர் அரிய ஆதாரத்தை அவையின்முன் வைக்கிற வாதியைப்போல அந்தக் கையை நைனாவிடம் உயர்த்திக் காட்டினேன்.

“நைனா, இங்க பாரு. நம்ம எல்லாரையும் விட அம்மாதான் பலமா தள்ளியிருக்குது.”

நைனா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அம்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரல்களை மூடினாள். பிறகு அவர் கியரை மாற்றினார். வண்டி மலைச்சாலையில் ஏறத் தொடங்கியது. என் வாதத்தை மறுக்க யாருமில்லை என்ற நிறைவோடு நான் வழியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.