சர்க்கரை ஒட்டாத செல்கள்

அலசலக்காவால் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாது. பஸ் நிறுத்தத்தில் கூரையின் இந்த ஓரத்தில் நின்றிருப்பார், பார்த்தால் அந்த ஓரத்தில் இருப்பார். கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவுவார். அந்த டம்ளர் உனக்கு என்ன பாவம் பண்ணியது என்று வேன் ஓட்டும் கணவர் கேட்பார்.

அலசலக்கா என்று பெயர் வைத்தது ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் மாப்பிள்ளை. அவனும் டெக்னீஷியன். கல்யாணமான கையோடு வேலைக்குச் சேர்ந்ததால் மாப்பிள்ளை என்றார்கள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அவன் மாப்பிள்ளைதான்.

இருவருக்கும் ஒரே வேலை. நம் உடம்பில் காவல் சுற்றும் செல்களின் மேல் ஏற்பிகள் என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சில கிருமிகள் மேனோஸ் என்ற சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு வரும். அதைப் பிடிக்கும் ஏற்பியின் நுனியில் சின்னப் பள்ளம் ஒன்று உண்டு. அதில் ஒரு கால்சியம் உட்கார்ந்திருக்கும். சர்க்கரை பற்றிக்கொள்வது அந்தக் கால்சியத்தைத்தான். ஒற்றைப் பிடி சீக்கிரம் நழுவிவிடும். கிருமியின் மேல் சர்க்கரை அடர்த்தியாக இருப்பதால் பல ஏற்பிகள் ஒன்றாகப் பிடிக்கும், அப்புறம் அது தப்புவது கஷ்டம்.

புதிதாகக் கிடைத்த ஓர் ஏற்பி மேனோஸைப் பிடிக்கிறதா என்பதுதான் அப்போது கேள்வி. ஒளிரும் சாயம் ஏற்றிய சர்க்கரையை அந்த ஏற்பி உள்ள செல்களோடு கலக்க வேண்டும், ஒட்டாததை அலசி எடுத்துவிட வேண்டும், செல்களை ஒவ்வொன்றாகக் கருவியில் ஓடவிட்டு ஒளியை அளக்க வேண்டும். மாப்பிள்ளை செய்தால் ஒளி வந்தது. அக்கா செய்தால் இருட்டு. எத்தனை முறை செய்தாலும் அப்படித்தான்.

ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா அக்காவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அக்கா மனதில் பட்டதைச் சொன்னார். அவன் சரியாக அலசுவதில்லை, ஒட்டாத சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது, அவன் பார்ப்பது ஒளி இல்லை, அழுக்கு. அவனுக்கு எதிலும் அவசரம் என்றும் ஒரு வார்த்தை கூடுதலாக வந்துவிட்டது. மாப்பிள்ளையின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிக்கப் போவதில்லை, வியாழக்கிழமைக் கூட்டத்தில் சொல்லிவிடுவேன் என்றார் டாக்டரம்மா.

அக்காவுக்கு அதன்பின் இருப்புக் கொள்ளவில்லை. அலசலைப் பற்றித்தான் சொன்னோம், அவன் வேலையைப் பற்றியா சொன்னோம்? சொன்னதில் பொய் இல்லையே என்று வராந்தாவின் நீளத்துக்கும் நடந்தார். தான் சொன்னது சரிதான் என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் மனசு அடங்கும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலையில் ஒரே குடுவைச் செல்களை எடுத்தார், ஒரே சர்க்கரையைக் கலந்து இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைத் தன் பாட்டில் கரைசலால் அலசினார், மறு பாதியை மாப்பிள்ளையின் பாட்டிலால் அலசினார். தன்னுடையது இருட்டு. மாப்பிள்ளையின் பாட்டிலால் அலசிய பாதி பளிச்சென்று ஒளிர்ந்தது. அதை மறுபடி அலசினார். இன்னொரு தடவையும் அலசினார். ஒளி குறையவில்லை.

அழுக்காக இருந்தால் போயிருக்கும்.

இரண்டு பாட்டிலும் ஒரே பெரிய ஜாடியிலிருந்து ஊற்றிய உப்புக் கரைசல், கால்சியம் போட்டது. வித்தியாசம் எங்கே? மேஜை ஓரத்தில் விரலால் தட்டிக்கொண்டே நின்றவரின் விரல் நின்றுபோனது. இங்கே வருவதற்கு முன் பல வருஷம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தவர் அவர். அங்கே ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் ஈடிடிஏ என்ற ரசாயனம் இருக்கும். இங்கேயும் செல்கள் கட்டி தட்டாமலிருக்கத் தன் பாட்டிலில் கொஞ்சம் விட்டுக்கொள்வார். குழம்புக்கு உப்புப் போடுகிறவள் யாரிடம் சொல்லிவிட்டுப் போடுகிறாள்? அந்த ஈடிடிஏ கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கால்சியம் போனால் ஏற்பி சர்க்கரையைக் கைவிடும். அக்காவுக்கும் இது தெரியும். தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது, கை பழகியது இன்னொரு பக்கம் இருந்தது.

பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் புதுசு கலந்துகொண்டால் போதும். அடுத்த வாரம் ஒளி வரும், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அதற்குள் மாப்பிள்ளை போயிருப்பான். தொட்டிவரை போனார். மூடியைக்கூடத் திருகினார். பிறகு திறந்த பாட்டிலோடு டாக்டரம்மாவின் அறைக்கு நடந்தார். கூட்டம் தொடங்க இன்னும் நேரமிருந்தது.

"அம்மா, அவன் சரியாத்தான் அலசறான். ஒட்டினதைக் கழட்டி விட்டது நான். என் பாட்டில்ல ஈடிடிஏ இருக்கு."

டாக்டரம்மா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பலேர்ந்து?"

"சேர்ந்ததுலேர்ந்து."

"அப்ப, ஒட்டலைன்னு நீங்க சொல்லி நாம ஒதுக்கி வச்ச அந்த ரெண்டு ஏற்பி?"

"அதையும் திரும்பப் பண்ணணும்மா."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மாப்பிள்ளையின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதாகச் சொன்னார். பழைய இரண்டையும் இருவரும் சேர்ந்து முதலிலிருந்து செய்யட்டும், அவனிடம் நடந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

அக்கா சொன்னார். மாப்பிள்ளை கையுறையைக் கழற்றாமல் கேட்டான்.

"என் வேலைக்கே உலை வச்சிட்டீங்களேக்கா."

"ஆமா."

"போன வாரமே எனக்குச் சாடைமாடையா தெரியும். வீட்ல எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்."

"இப்ப சொல்லாத, வேலைதான் போகலையே."

"நடந்ததைச் சொல்லத்தான் போறேன். ஆனா சிரிச்சிட்டுச் சொல்ற மாதிரி இன்னும் வரல."

ஒதுக்கி வைத்த இரண்டு ஏற்பிகளின் பழைய செல்களை அக்கா உறைபெட்டியிலிருந்து எடுத்து வந்தார். அவை வளர்ந்து தயாரானதும் மாப்பிள்ளை வேலையைப் பிரித்தான்: கலப்பது அக்கா, அலசுவது அவன். அக்கா கலந்து கொடுத்துவிட்டு, கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு அவன் பின்னால் நின்றார். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

முதல் குழாயைக் கருவியில் ஏற்றினான். திரையில் ஒளி மெதுவாக ஏறத் தொடங்கியது.

"இதுவும் ஒட்டுதுக்கா," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்து உட்காருங்க. இன்னொண்ணு பாக்கி இருக்கு."